லேபிலிருந்து வீட்டுக்கு எதுவும் வர வேண்டாம்

பக்கத்து வீட்டு அக்கா போன வாரம் மாடிப்படியில் நிறுத்திக் கேட்டார்: “பொண்ணு மைக்ரோபயாலஜி சேர்ந்திருக்கா இல்ல? அவளோட வெள்ளைக் கோட்டை நம்ம துணியோட சேர்த்து மெஷின்ல போடலாமா?”

வேண்டாம் அக்கா என்றேன். ஏன் என்றார். படியிலேயே உட்கார்ந்து அரை மணி நேரம் பேசினோம். அங்கே சொன்னதும் சொல்லாமல் விட்டதும்தான் இந்தப் பதிவு.

கடல் உணவு ஏற்றுமதி நிறுவனம் ஒன்றின் பரிசோதனைக் கூடத்தில் நெடுநாள் வேலை பார்த்தவள் நான். இப்போது கல்லூரிப் பிள்ளைகளுக்குப் பிராக்டிகல் சொல்லித் தருகிறேன். லேப் சுவரில் ஒட்டியிருக்கும் விதிமுறைத் தாளை நீங்களும் பார்த்திருப்பீர்கள். சாப்பிடாதே, தலைமுடியைக் கட்டு, கையுறை போடு, வாயால் பிப்பெட்டை உறிஞ்சாதே. எல்லாமே மாணவருக்குச் சொல்வது. அந்தக் கோட்டைத் துவைக்கும் அம்மாவுக்கு அதில் ஒரு வரிகூட இல்லை. பக்கத்து வீட்டு அக்கா கேட்டது அந்த விடுபட்ட வரியைத்தான்.

அமெரிக்காவில் நடந்தது

2010 ஆகஸ்ட் முதல் 2011 ஜூன் வரை அமெரிக்காவில் ஒரே ரக சால்மோனெல்லா டைஃபிமூரியம் கிருமியால் 38 மாநிலங்களில் 109 பேருக்கு நோய் வந்தது. ஒருவர் இறந்தார். சால்மோனெல்லா என்றதும் முட்டை, கோழி, காய்கறி என்றுதான் தேடுவார்கள். விசாரித்துக்கொண்டே போனபோது நோயாளிகளில் பலர் மைக்ரோபயாலஜி லேபில் படிப்பவர்கள் அல்லது வேலை பார்ப்பவர்கள் என்று தெரிந்தது. லேப்களில் பயிற்சிக்காக விலைக்கு வாங்கி வைத்திருக்கும் கிருமியும் நோயாளிகளிடம் கிடைத்த கிருமியும் ஒன்றாகவே இருந்தன.

என்னை உலுக்கியது இதற்கு அடுத்த தகவல். நோய் வந்தவர்களில் குழந்தைகளும் இருந்தார்கள். லேபின் வாசலைக்கூட மிதிக்காத குழந்தைகள். வீட்டில் அண்ணனோ அக்காவோ அப்பாவோ அம்மாவோ லேபுக்குப் போய் வந்தார்கள், அவ்வளவுதான்.

ஒரு முறை நடந்தால் விபத்து என்று விட்டுவிடலாம். 2014-இல் மறுபடியும் 13 மாநிலங்களில் 41 பேர். 2017-இல் 16 மாநிலங்களில் 24 பேர். ஒவ்வொரு முறையும் விசாரணை அதிகாரிகள் சொன்ன அறிவுரை ஏறக்குறைய ஒன்றுதான்: உணவு, தண்ணீர் பாட்டில், பை, செல்போன் எதையும் வேலை மேசைக்குக் கொண்டுவராதீர்கள், வெளியே போகும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுங்கள், பயிற்சிக்கு நோய் தராத அல்லது வீரியம் குறைத்த கிருமியைப் பயன்படுத்துங்கள்.

சால்மோனெல்லாவோடு எனக்குப் பழைய பழக்கம். 25 கிராம் இறாலில் அது ஒன்றுகூட இருக்கக்கூடாது என்பது ஏற்றுமதி விதி. இல்லை என்று நிரூபிக்க வேண்டுமென்றால், இருந்தால் எப்படித் தெரியும் என்று ஒப்பிட்டுப் பார்க்க உயிருள்ள சால்மோனெல்லாவை லேபிலேயே வளர்த்து வைத்திருக்க வேண்டும். கண்ணாடிக் குழாயில் மங்கலான ஒரு கோடு போலத்தான் இருக்கும். பார்த்தால் பயம் வராது. அதுதான் தொந்தரவே.

கோட்டும் வண்ணான் துறையும்

லேப் கோட்டு எதற்கு? நம் உடுப்பின் மேல் படவேண்டியதைத் தன்மேல் வாங்கிக்கொள்வதற்கு. அப்படியானால் அது அழுக்கு உடுப்பு. அதைப் போட்டுக்கொண்டு கேன்டீனுக்குப் போவதும், பஸ் ஏறுவதும், மடித்துக் கைப்பையில் சோற்றுப் பாத்திரத்தோடு வைப்பதும் அதன் வேலையையே தலைகீழாக்குவது. இங்கே கொச்சியில், எங்கள் பக்கத்துப் படகுத்துறையில் கோட்டோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்க்கும்போதெல்லாம் கை பரபரக்கும், கழற்றச் சொல்லலாமா என்று. டாக்டர் போலத் தெரிகிறது என்பதில் அவர்களுக்கு ஒரு பெருமை.

ஃபோர்ட் கொச்சியில் ‘வெளி’ என்ற இடத்தில் உள்ள தோபிகானா என்ற வண்ணான் துறையைக் கொச்சிக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அங்கே துவைப்பவர்கள் நம் தமிழ் வண்ணார் குடும்பங்கள். டச்சுக்காரர்கள் காலத்தில் சிப்பாய்களின் உடுப்பு துவைக்கக் கொண்டுவரப்பட்டவர்களின் வழி வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லும் வரலாறு. கிளிப் போடாமல், முறுக்கிய கயிற்றின் இடுக்கில் துணி முனையைச் செருகிக் காயவைக்கும் லாவகத்தைப் பார்க்கச் சுற்றுலாப் பயணிகள் வருகிறார்கள். வருகிற மூட்டையைப் பிரித்துக் கையால் தரம்பிரிப்பவர்கள் அவர்கள். கல்லூரிக் கோட்டு அந்த மூட்டையில் வந்தால் அதில் என்ன சிந்தியிருக்கிறது என்று அவர்களுக்கு யார் சொல்வது?

ஆகவே நான் சொல்லும் முறை இது. கோட்டு லேபிலேயே ஆணியில் தொங்கட்டும். கல்ச்சர், அதாவது வளர்த்த கிருமி, சிந்தினால் உடனே கழற்றி, நீராவி அழுத்தத்தில் கிருமி கொல்லும் ஆட்டோகிளேவுக்குப் போகட்டும், அதற்குப் பிறகுதான் துவைப்புக்கு. சிந்தாவிட்டாலும் துவைக்கும் பொறுப்பைக் கல்லூரி எடுத்துக்கொள்வதே சரி. வீட்டுக்குக் கொண்டுபோய்த்தான் ஆகவேண்டும் என்ற நிலைமையில் பல கல்லூரிகள் இருக்கின்றன, தெரியும். அப்படியென்றால் தனிப் பையில் கட்டிக் கொண்டுவாருங்கள். பிரித்து உதறாமல் நேராகச் சுடுதண்ணீரில் போடுங்கள். அதைத் தனியாகத் துவைத்து நல்ல வெயிலில் போட்டுவிட்டுக் கை கழுவுங்கள். பாட்டி தோளில் போடும் நேரியதோடும் குழந்தையின் சட்டையோடும் சேர்க்க வேண்டாம்.

ஒரு கையில் லூப், மறுகையில் போன்

கோட்டைவிட எனக்குப் பயம் செல்போன் மேல். கோட்டாவது துவைக்கப்படுகிறது. பெட்ரித் தட்டில் காலனி அழகாக வளர்ந்திருந்தால் பிள்ளைகளுக்குப் படம் எடுக்காமல் இருக்க முடியாது. கையுறைக் கையால் போனை எடுக்கிறார்கள், படம் எடுக்கிறார்கள், பிறகு கையுறையைக் கழற்றி ஒழுங்காகக் கை கழுவுகிறார்கள். கழுவிய கையால் அதே போனை எடுத்துக் காதில் வைக்கிறார்கள். வீட்டுக்கு வந்ததும் தம்பி கேம் விளையாட அதைப் பிடுங்கிக்கொள்கிறான்.

ரெக்கார்டு நோட்டும் அப்படித்தான். மேசையில் கிராம் ஸ்டெயின் பாட்டிலுக்குப் பக்கத்தில் விரித்து வைத்துப் படம் வரைந்துவிட்டு, ராத்திரி கட்டிலில் படுத்துக்கொண்டு அதே நோட்டில் மீதியை எழுதுவது. என் வகுப்பில் லேப் பேனா வேறு, வீட்டுப் பேனா வேறு. மேசையில் குறிப்பெடுக்கத் தனித் தாள். அது லேபிலேயே இருக்கும். கடைசிப் பத்து நிமிஷம் எல்லோரும் கை கழுவி வேறு மேசைக்குப் போய் நோட்டில் ஏற்றிக்கொள்வார்கள். ஆரம்பத்தில் “மிஸ்ஸே, இதென்ன ஆசாரம்” என்று முனகல் வரும். ஓணம் விடுமுறைக்குள் பழகிவிடும்.

துப்பட்டாவும் தலையில் போடும் ஷாலும் கோட்டுக்குள் செருகியிருக்க வேண்டும். இது கிருமிக்காக மட்டும் இல்லை, நெருப்புக்காகவும். வளைந்த கண்ணாடிக் குச்சியை ஸ்பிரிட்டில் முக்கிப் பர்னரில் காட்டி, அணைவதற்குள் திரும்ப ஸ்பிரிட் பீக்கரில் போட்டால் பீக்கரே பற்றிக்கொள்ளும். மாணவர் லேபில் இது அபூர்வமான சம்பவம் இல்லை. ஸ்பிரிட் பீக்கர் பர்னரிலிருந்து ஒரு கை தூரம் தள்ளி இருக்கட்டும். மூட ஒரு தட்டு பக்கத்திலேயே இருக்கட்டும்.

கிருமியை எடுக்கும் கம்பி வளையம்தான் லூப். கல்ச்சர் ஒட்டிய லூப்பை நேராகத் தீயின் நடுவில் நீட்டினால் அது சடசடவென்று தெறிக்கும். தெறிக்கும் துளியில் உயிரோடிருக்கும் கிருமி காற்றில் போகும். முதலில் தீயின் அடிப்பக்கம் சூடு குறைந்த இடத்தில் காட்டி உலரவிட்டு, பிறகு மேலே கொண்டுபோக வேண்டும். கொச்சிப் புழுக்கத்தில் ஃபேன் போடாமல் இருப்பது கொடுமைதான். போட்டால் தீயும் நிற்காது, கிருமியும் ஒரு மேசையில் நிற்காது.

காயலிலிருந்து ஒரு பாட்டில் தண்ணீர்

எங்கள் ஊர்க் கல்லூரிகளில் இறுதியாண்டு பிராஜெக்ட் என்றால் பாதிப் பேருக்கு யோசனை ஒன்றுதான்: காயல் தண்ணீரோ சந்தை மீனோ எடுத்து அதில் என்ன கிருமி இருக்கிறது என்று பார்ப்பது. நல்ல யோசனைதான். மட்டாஞ்சேரியிலிருந்து தண்ணீரைக் கடந்தால் வெலிங்டன் தீவு. 1957-இல் தொடங்கிய மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் அங்கே இருக்கிறது. மீனின் கிருமியியலில் நாட்டுக்கே வழிகாட்டிய இடம் அது. 1997-இல் ஐரோப்பிய ஒன்றியம் சுகாதாரக் குறைகளைச் சொல்லி இந்தியக் கடல் உணவை நிறுத்தி வைத்தபோது, பரிசோதனை லேபின் அருமை இந்த ஊருக்கு உறைத்தது.

ஆனால் ஒரு வித்தியாசத்தைப் பிள்ளைகள் கவனிப்பதில்லை. கல்லூரி வாங்கிவைத்த ஈ.கோலை என்றால் அது யார் என்று தெரியும். காயலிலிருந்து வந்தது யார் என்று தெரியாது, அதைக் கண்டுபிடிப்பதுதானே பிராஜெக்ட்! நம் கடலோரத் தண்ணீரில் விப்ரியோ இனங்கள் சாதாரணம். அவற்றில் விப்ரியோ வல்னிஃபிகஸ் கையில் இருக்கும் சிறு கீறல் வழியாகவே உள்ளே போகும். கல்லீரல் நோய் உள்ளவருக்கு உயிரையே எடுக்கும். மண்ணும் சேற்றுத் தண்ணீரும் எடுத்தால் இன்னொரு ஆள் வரலாம்: பர்க்ஹோல்டேரியா சூடோமல்லேய். மெலியாய்டோசிஸ் நோயைத் தருவது அது. கேரளத்திலும் கர்நாடகக் கரையிலும் தமிழ்நாட்டிலும் மழைக்காலத்தில் இந்த நோயாளிகளைப் பார்க்கிறார்கள். லேபில் இதைச் சூடோமோனாஸ் என்று தவறாக நினைத்துவிடுவது எளிது.

இங்கேதான் ஒரு பழைய பழக்கம் குறுக்கே வருகிறது. சூடோமோனாஸ் ஏருஜினோசா திராட்சைப் பழ வாசனை அடிக்கும் என்று பாடப் புத்தகத்தில் இருக்கும். உடனே தட்டைத் திறந்து மூக்கருகே கொண்டுபோவார்கள். யார் என்று தெரியாத கிருமியின் தட்டை முகர்ந்து பார்க்கவே கூடாது. வேறு வழியில் அடையாளம் காண ஆயிரம் சோதனை இருக்கிறது.

மெலியாய்டோசிஸ் யாரை அதிகம் தாக்கும்? சர்க்கரை நோய் உள்ளவர்களை. கேரளத்து வீடுகளில் சர்க்கரை இல்லாத பாட்டி தாத்தாவைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இருபது வயசுப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாத கிருமி அந்தப் பாட்டிக்கு என்ன செய்யும் என்ற கணக்கைப் பிராஜெக்ட் ரிப்போர்ட்டில் யாரும் எழுதுவதில்லை.

உடம்புக்கு உடம்பு வேறுபடும் என்பதற்கு ஒரு சாட்சி இருக்கிறது. 2009 செப்டம்பரில் சிகாகோ பல்கலைக்கழக மரபணு விஞ்ஞானி மால்கம் காசடபான் பிளேக் கிருமி தாக்கி இறந்தார். அவர் கையாண்டது வீரியம் குறைக்கப்பட்ட ரகம். இரும்புச்சத்தைக் கிரகிக்க முடியாதபடி முடமாக்கப்பட்டது, அதனால் ஆபத்தில்லை என்று கருதப்பட்டது. அவருக்கோ உடம்பில் இரும்புச்சத்து மிகையாகச் சேரும் பரம்பரை நோய் இருந்தது. அது அவருக்கே தெரியாது. கிருமிக்குக் கிடைக்காமல் செய்திருந்த இரும்பு அந்த உடம்பில் தாராளமாகக் கிடைத்தது.

சாம்பிளே வினையாவதும் உண்டு. 2010 டிசம்பரில் சீனாவின் ஹார்பினில் வடகிழக்கு வேளாண் பல்கலைக்கழகத்தில் உடற்கூறு வகுப்புக்கு நான்கு ஆடுகள் வாங்கினார்கள். நோய்ப் பரிசோதனைச் சான்று பார்க்கவில்லை. 27 மாணவர்களுக்கும் ஓர் ஆசிரியருக்கும் புருசெல்லோசிஸ் வந்தது. மாணவர்கள் கையுறை போட்டார்களா என்று கேட்பதற்கு முன்னால், ஆட்டை வாங்கியவரை அல்லவா கேட்க வேண்டும்!

காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது?

பல கல்லூரிகளில் பளபளவென்று ஒரு லேமினார் ஏர்ஃப்ளோ பெட்டி இருக்கும். அட்மிஷன் நாளில் பெற்றோரைக் கூட்டிப்போய்க் காட்டுவார்கள். நல்ல கருவிதான். ஆனால் அது காப்பாற்றுவது உள்ளே இருக்கும், கிருமி வளர்க்கும் ஊடகத்தை. வடிகட்டிய காற்று பின்னாலிருந்து வந்து தட்டுகளைத் தாண்டி, எதிரே உட்கார்ந்திருப்பவர் முகத்தில் அடிக்கும். ஸ்டெரைல் ஊடகம் ஊற்றவும் திசு வளர்ப்புக்கும் அது சரி. சந்தை மீனிலிருந்து எடுத்த கிருமியை அதற்குள் வைத்துக் கையாண்டால் கிருமியை முகத்துக்கு விசிறிவிட்ட மாதிரி.

நோய்க்கிருமி வேலைக்கு வேண்டியது பயோசேஃப்டி கேபினெட். அது காற்றை முன்பக்கம் உள்ளே இழுத்து, வடிகட்டித்தான் வெளியே விடும். பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோல இருப்பதால் குழப்பம். 2012 ஏப்ரலில் சான்பிரான்சிஸ்கோவில் மூளைக்காய்ச்சல் கிருமியோடு வேலை பார்த்த 25 வயது ஆராய்ச்சி உதவியாளர், அறிகுறி தெரிந்த ஒரே நாளுக்குள் இறந்துபோனார். அந்த வேலை கேபினெட்டுக்குள் நடக்கவில்லை, திறந்த மேசையில் நடந்தது. அவர் இறந்த பிறகு நண்பர்களும் சக ஊழியர்களும் சிகிச்சை தந்தவர்களும் முன்னெச்சரிக்கையாக ஆன்டிபயாடிக் சாப்பிட வேண்டியிருந்தது. இங்கேயும் பாருங்கள், லேப் வாசலைத் தாண்டித்தான் போய் நிற்கிறது.

நனைத்தால் போதுமா?

1902 அக்டோபர் 30. பஞ்சாபில் முல்கோவால் என்ற கிராமம். விஞ்ஞானி ஹாஃப்கின் தன் பம்பாய் லேபில் தயாரித்த பிளேக் தடுப்பூசியை 107 பேருக்குப் போட்டார்கள். அவர்களில் 19 பேர் டெட்டனஸ் வந்து இறந்தார்கள். அத்தனை பேருக்கும் ஊசி ஒரே பாட்டிலிலிருந்து போனது. பழி அந்த லேபின் மேல் விழுந்தது, ஹாஃப்கின் பதவி இழந்தார். பாட்டிலைத் திறந்த உதவியாளர் கையிலிருந்து இடுக்கி தரையில் விழுந்ததும், அதைத் தீயில் காட்டாமல் கார்பாலிக் நீரில் அலசிவிட்டு அதைக் கொண்டே கார்க்கைத் திறந்ததும் விசாரணைச் சாட்சியங்களில் இருந்தன. ரொனால்டு ராஸ் உள்ளிட்ட விஞ்ஞானிகள் வாதாடி, 1907-இல்தான் அவர்மேல் இருந்த பழி நீங்கியது. பம்பாயில் இன்று அவர் பெயரிலேயே நிறுவனம் இருக்கிறது.

என் வகுப்பில் இந்தக் கதையைச் சொல்வதற்குக் காரணம் அந்த ‘அலசிவிட்டு’தான். கிருமிநாசினிக்கு நேரம் வேண்டும். கல்ச்சர் சிந்தினால் மேலே டிஷ்யூ போட்டு மூடி, ஓரத்திலிருந்து நடுவுக்கு ஹைப்போகுளோரைட் ஊற்றி அரை மணி நேரமாவது விடவேண்டும். ஊற்றிய கையோடு துடைத்தால் பரப்பிவிட்டதுதான் மிச்சம். ஹைப்போகுளோரைட் கரைசலை அன்றன்றைக்குக் கலக்க வேண்டும். நம் ஊர் வெயிலில் நின்றால் வீரியம் போய்விடும். ஸ்பிரிட்டில் நூறு சதத்தைவிட எழுபது சதம்தான் நன்றாகக் கொல்லும், தண்ணீர் கொஞ்சம் இருந்தால்தான் அது உள்ளே இறங்கும்.

ஆட்டோகிளேவுக்கும் நேரம்தான் உயிர். 121 டிகிரி, 15 பவுண்டு அழுத்தம், ஊடகத்துக்கு 15 நிமிஷம். இது எல்லோருக்கும் மனப்பாடம். உள்ளேயிருக்கும் காற்று முழுக்க வெளியேறி, ஆவி ஒரே சீராக வந்த பிறகுதான் வால்வை மூடவேண்டும் என்பது மறந்துபோகும். காற்று சிக்கியிருந்தால் முள் சரியான அழுத்தத்தைக் காட்டும், சூடு மட்டும் ஏறியிருக்காது. கழிவுப் பையைத் திணித்து அடைத்தால் நடுவில் ஆவி போகாது. கழிவுக்குப் பதினைந்து நிமிஷம் போதவும் போதாது. பாதியில் கரண்ட் போனால் மறுபடி முதலிலிருந்து எண்ண வேண்டும். மேலே ஒட்டும் டேப் நிறம் மாறினால் சூடு பட்டது என்றுதான் பொருள், கிருமி செத்தது என்று இல்லை. அதற்கு ஜியோபாசிலஸ் ஸ்டீரோதெர்மோஃபிலஸ் வித்துகள் உள்ள பட்டையை உள்ளே வைத்து எடுத்து வளர்த்துப் பார்க்கவேண்டும். ஹைப்போகுளோரைட் ஊற்றியதை ஆட்டோகிளேவில் வைக்கக்கூடாது, குளோரின் வாயு வரும்.

2016-ஆம் வருஷத்து உயிரிமருத்துவக் கழிவு விதிகள் தெளிவாகவே சொல்கின்றன: நுண்ணுயிரியல் கழிவை அது உண்டான இடத்திலேயே கிருமி நீக்கிய பிறகுதான் மஞ்சள் பையில் போட்டு வெளியே அனுப்பலாம். குப்பை எங்கே போகிறது என்ற கேள்வி 2023 மார்ச்சில் பிரம்மபுரம் குப்பைக் கிடங்கு எரிந்தபோது கொச்சிக்காரர்களுக்குப் புகையாகவே வந்து சேர்ந்தது. ஓரம் உடைந்த பெட்ரித் தட்டு சாதாரணப் பிளாஸ்டிக்கோடு போனால், அதைக் கையால் பிரிக்கப்போவது வீடு வீடாகக் குப்பை சேகரிக்கும் ஹரித கர்ம சேனையைச் சேர்ந்த ஏதோ ஒரு பெண்.

சைனா கிராஸ்

கொஞ்சம் இனிப்பாக ஒன்று. கிருமி வளர்க்கும் அகர் அடுப்படியிலிருந்து வந்தது. 1881-இல் ராபர்ட் கோக்கின் லேபில் ஜெலட்டின் உருகி உருகி எல்லோரும் தவித்தபோது, அங்கே வேலை பார்த்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபேனி ஹெஸ்ஸே, தான் ஜெல்லி செய்யப் பயன்படுத்தும் அகரைச் சொன்னார். ஜாவாவில் இருந்துவிட்டு வந்த ஒரு டச்சுக் குடும்பத்திடம் அதைக் கற்றிருந்தார். மட்டாஞ்சேரியில் நோன்பு மாதம் முழுக்கச் செய்யும் சைனா கிராஸ் புட்டிங் அதே பொருள்தான்.

சமையலறையிலிருந்து லேபுக்குப் போன அந்தப் பாதை ஒருவழிப் பாதையாகவே இருக்கட்டும். அகர் உருக்கிய மைக்ரோவேவில் மத்தியானச் சோற்றைச் சூடாக்குவது, ஊடகம் வைக்கும் ஃபிரிட்ஜில் தண்ணீர் பாட்டில் வைப்பது, காலனி வளர்ந்த தட்டை வீட்டுக்காரர்களுக்குக் காட்ட எடுத்துவருவது எதுவும் வேண்டாம்.

பெற்றோருக்கு

பக்கத்து வீட்டு அக்காவுக்கு நான் கடைசியில் கொடுத்தது சில கேள்விகள். அடுத்த பெற்றோர்-ஆசிரியர் (பிடிஏ) கூட்டத்தில் கேட்கச் சொன்னேன். நீங்களும் கேளுங்கள். கோட்டைத் தொங்கவிட லேபில் ஆணி இருக்கிறதா, துவைப்பது யார்? வாசல் பக்கத்தில் கை கழுவும் தொட்டியும் சோப்பும் இருக்கின்றனவா, குழாயில் தண்ணீர் வருகிறதா? பயிற்சிக்கு எந்தக் கிருமி தருகிறீர்கள், நோய் தராத ரகம் இருக்கும்போது இது எதற்கு? ஆட்டோகிளேவைக் கடைசியாக வித்துப் பட்டை வைத்துச் சோதித்தது எப்போது? பிள்ளைக்குக் காய்ச்சல் வந்து டாக்டரிடம் போனால், லேபில் என்ன கிருமியோடு வேலை செய்தாள் என்று சொல்ல எழுத்தில் ஏதாவது கொடுப்பீர்களா?

கடைசிக் கேள்வியை விட்டுவிடாதீர்கள். எலிக்காய்ச்சலும் டெங்குவும் மாறி மாறி வரும் ஊரில் காய்ச்சல் என்றதும் டாக்டர் அவற்றைத்தான் தேடுவார். லேப் என்று யாராவது சொன்னால்தான் அந்தப் பக்கமும் பார்ப்பார்.

இதற்கெல்லாம் பெரிய செலவு இல்லை. ஆணிகள், சோப்பு, ஒரு பட்டை, ஒரு தாள். பிரின்சிபால் அறையில் ஏசி மாற்றும் செலவில் ஒரு வருஷத்துக்கு நடத்திவிடலாம். ஃபீஸ் கட்டுகிறோம், கேட்பதற்கு என்ன கூச்சம்?